பாலாறு எந்தப் பாடம்?

சென்ற மாசி மாதத்தில் ஒரு சொந்தக் காரியமாக ஆம்பூர்ப் பக்கம் போக நேர்ந்தது. அங்கே என் பழைய சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அந்த ஊர் வரை வந்து அவர் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் திரும்பினேன் என்று தெரிந்தால், அப்புறம் ஆறு மாதத்துக்கு டெலிபோனில்கூடப் பேசமாட்டார். ஆகையால் இரவு அங்கேயே தங்கினேன்.

விடியற்காலையில் கூடத்திலிருந்து ஒரு குரல் என்னை எழுப்பியது. "நீர் மாசுபாடு என்பது யாதெனில், நீரின் இயற்கைத் தன்மை கெட்டு, அது மனிதருக்கும் ஏனைய உயிர்களுக்கும் பயன்படாத நிலையை அடைதலாகும்." இதே வாக்கியம் மறுபடியும், மறுபடியும் வந்தது. சிநேகிதருடைய பெண் பி.காம். படிக்கிறாள். அன்று அவளுக்குச் சுற்றுச்சூழல் பாடத்தில் பரீட்சை. நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் ஐந்தாவது முறை அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது வாசலில் ஒரு சிறு லாரி வந்து நின்றது. தண்ணீர் கேன் விற்கிறவன். சிநேகிதரின் மனைவி முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்து, மூன்று கேன்களை உள்ளே வாங்கி வைத்தார். கொல்லைப்புறத்தில் கிணறு இல்லாமல் இல்லை. பாட்டனார் காலத்தில் கருங்கல்லால் கட்டிய அருமையான கிணறு. தண்ணீரும் நிறைய இருக்கிறது; பார்ப்பதற்குப் பளிங்கு போலவே இருக்கிறது. வாயில் விட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். உப்பு!

"இந்தக் கிணற்றைப் பற்றி உன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, "இது ஸிலபஸில் இல்லை, மாமா" என்றாள்.

இந்தப் பதிலை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அன்று முழுவதும் அது மனத்தை விட்டு அகலவில்லை. நேயர்கள் வீட்டிலும் கலாசாலையில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருக்கக்கூடும். அவர்கள் தமிழ் படித்தாலும் சரி, கணக்குப் படித்தாலும் சரி, கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, இந்தச் சுற்றுச்சூழல் பாடத்திலிருந்து தப்ப முடியாது. எல்லா மாணாக்கருக்கும் பொதுவாக ஒரு பாடம் வைத்தது யார், எதற்காக வைத்தார்கள் என்று விசாரித்தால் அது ஒரு சுவையான கதை.

*

நம் தேசத்தில் வேறு எந்தப் பாடமும் இந்தப் பாடம் வந்த வழியில் கலாசாலைக்குள் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. சாதாரணமாகப் பாடங்களை ஏற்படுத்துகிறவர்கள் பேராசிரியர்கள். இந்தப் பாடத்தை ஏற்படுத்தியது நீதிஸ்தலம். எம். ஸி. மேத்தா என்ற வக்கீல் டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மனுப் போட்டார். ஜனங்களுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவு இல்லாதவரையில் எத்தனை சட்டம் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஆகவே அந்த அறிவைப் புகட்டச் சர்க்காருக்கு உத்தரவிட வேண்டும் என்பது அவர் வாதம். 1991-ஆம் வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி கோர்ட்டார் அதை ஒப்புக்கொண்டார்கள். சினிமாக் கொட்டகைகளில் காட்சிதோறும் இலவசமாக இதைப் பற்றிப் படம் காட்ட வேண்டும், ரேடியோவிலும் டெலிவிஷனிலும் தினந்தோறும் சில நிமிஷம் ஒதுக்க வேண்டும், பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

உத்தரவு பிறந்து பன்னிரண்டு வருஷம் அது தொட்டிலிலேயே கிடந்தது. மேத்தா விடவில்லை, திரும்பவும் கோர்ட்டுக்குப் போனார். 2003-இல் கோர்ட்டார் கண்டிப்பாகச் சொன்ன பிறகே சர்வகலாசாலை மானியக் கமிஷன் எல்லா இளநிலை மாணாக்கருக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத் திட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பாடப் புத்தகம் எழுதியவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் ஏராக் பரூச்சா. அவர் தொழிலால் சத்திர சிகிச்சை நிபுணர்! பாடத்தின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைத்திருக்க முடியாது.

அந்தத் திட்டத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மொத்தம் 50 மணி நேரம். அதில் இயற்கை வளங்களுக்கு 8, பல்லுயிர்ப் பெருக்கத்துக்கு 8, மாசுபாட்டுக்கு 8, ஜனத்தொகைக்கு 6 என்று பங்கீடு. இந்த விஷயம் ஒரு துறைக்குள் அடங்காது, பல துறைகள் கூடிப் பார்க்க வேண்டியது என்று விளக்குவதற்கு ஒதுக்கிய நேரம் 2 மணி. வகுப்பறையை விட்டு வெளியே போய்ப் பார்ப்பதற்கு 5 மணி. மார்க்கில் மட்டும் வெளி வேலைக்கு நூற்றுக்கு 25 கொடுத்திருந்தார்கள். பிற்பாடு பாடத் திட்டம் திருத்தப்பட்டிருக்கிறது; 2023-இல் புதிய அமைப்பு ஒன்றும் வந்திருக்கிறது. ஆனால் கலாசாலைகளில் படிந்துவிட்ட வழக்கம் அந்த முதல் திட்டத்தின் வழக்கந்தான். ஐம்பதில் நாற்பத்தைந்து மணி பெஞ்சியில் உட்கார்ந்து கேட்பது. மீதி ஐந்து மணிக்கு மூத்த மாணாக்கரின் நோட்டைப் பார்த்துக் காப்பி எடுப்பது.

என் சிநேகிதரின் பெண்ணும் அப்படித்தான் செய்திருந்தாள். மறைக்கவில்லை. "ஒரு குளத்தின் உயிர்ச்சூழல்" என்பது அவள் எழுதிக் கொடுத்த அறிக்கை. அவள் அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு அதைக் கொடுத்த மூத்த மாணவியும் பார்த்திருப்பாள் என்று தோன்றவில்லை.

*

இனி, ஸிலபஸில் இல்லாத கிணற்றுக்கு வருவோம்.

பாலாறு மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பக்கம் உற்பத்தியாகி, ஆந்திர தேசத்தில் சிறிது தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சீபுரம் இவற்றைக் கடந்து வயலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. ஓடுகிறது என்று எழுதிவிட்டேன். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அது ஓடுவதில்லை. வெண்மணல்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் இருக்கும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் மற்றோர் ஆறு இருந்தது. கரையோரத்து ஜனங்கள் மணலில் ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயல்களுக்குக் கொண்டுபோனார்கள். கிணறுகளிலும் அதே நீர்தான். மேலே காய்ந்தும் கீழே ஈரமாயும் இருந்த நதி அது.

அதன் கரையில் தோல் பதனிடும் தொழில் வெகு காலமாக நடந்து வருகிறது. ஆதியில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்டார்கள். ஒரு தோல் பதமாவதற்கு வாரக் கணக்கில் ஆகும். சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன தோல் இந்தத் தோல்தான். குரோமியம் உப்பைக் கொண்டு ஒரு நாளிலேயே பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டபோதிலும், பாலாற்றங்கரையில் பட்டைத் தோலே நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது.

மாறுதல் ரஸாயன சாலையிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது பொருளாதார சாஸ்திரிகளிடமிருந்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சர்க்கார் நியமித்த சீதாராமய்யா கமிட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவது நஷ்டம், முழுதும் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் அனுப்பினால் தேசத்துக்கு அதிகப் பணமும் அதிக வேலையும் கிடைக்கும் என்று சொல்லிற்று. நியாயமான யோசனை! நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சர்க்கார் பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப் பதத் தோலுக்கு அளவு கட்டினார்கள். மெல்லிய, சாயம் நன்றாகப் பிடிக்கிற தோலுக்குக் குரோம் முறையே ஏற்றது. ஆகவே சாலைகள் வேகமாக அந்த முறைக்கு மாறின. டிரம்மில் ஊற்றிய குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் ஏற்றுக்கொள்ளும். மீதி கழிவு நீரோடு வெளியே போகும். அது எங்கே போகும் என்ற கேள்வி அந்தக் கமிட்டியின் ஸிலபஸில் இல்லை.

ஆனால் கிணற்றைக் கெடுத்த முக்கியக் குற்றவாளி குரோமியம் என்று எண்ணினால், அதுவும் பிசகு. இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஒரு துறைக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு பார்த்தால் எவ்வளவு தெளிவாக ஏமாறலாம் என்பது இங்கேதான் தெரிகிறது.

பச்சைத் தோல் அழுகாமல் இருப்பதற்காக அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவிகிதம் சாப்பாட்டு உப்பைத் தடவி அனுப்புகிறார்கள். சாலையில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி விடுவது. 1990-களில் பல சாலைகளுக்குப் பொதுவாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். இன்ஜினீயர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். காரப் பொருளைச் சேர்த்தால் குரோமியம் படிந்துவிடும். காற்றைச் செலுத்தினால் கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். வெளியே வரும் நீர் தெளிவாக இருந்தது. ஆனால் சாப்பாட்டு உப்பு படியவும் படியாது, அதைத் தின்னும் கிருமியும் கிடையாது. வந்த வழியே அது தண்ணீரோடு போயிற்று. என் சிநேகிதர் வீட்டுக் கிணறு பளிங்கு போல் தெளிவாகவும், வாயில் வைக்க முடியாமலும் இருப்பதன் ரகசியம் இதுதான். அந்த உப்பை நீக்க வேண்டுமானால் நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்த வேண்டும். அதற்கு மின்சாரச் செலவு ஏராளம். செலவழித்து உப்பைப் பிரித்த பிறகும், கலப்பட உப்பு மலை போல் குவிந்து நிற்கும். அதை வாங்குவாரும் இல்லை, கொட்ட இடமும் இல்லை.

அந்த உப்பு நிலத்துக்குப் போனதும் ரஸாயனத்தார் விடைபெற்றுக்கொள்ள, மண் சாஸ்திரத்தார் வர வேண்டியதாகிறது. சோடியம் அதிகமானால் களிமண்ணின் துகள்கள் கட்டுக் குலைந்து, காய்ந்ததும் இறுகிவிடுகின்றன. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. நெல்லும் தென்னையும் சோர்ந்துபோகின்றன. தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தத் தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுதுமாகவோ ஓரளவாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருப்பதாகக் கணக்கெடுத்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மேஜையின் மீது முதன் முதலாகப் பரப்பியது ஒரு சர்வகலாசாலையன்று, மறுபடியும் நீதிஸ்தலந்தான். வேலூர் ஜனங்களின் நலச் சங்கம் ஒன்று போட்ட மனுவின் மீது 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி குல்தீப் சிங் முதலியோர் தீர்ப்புச் சொன்னார்கள். மண் ஆராய்ச்சி, கிணற்று நீர்ப் பரிசோதனை, தொழிலின் அந்நியச் செலாவணி வருமானம், ஸ்டாக்ஹோம் மகாநாடு, ஆங்கில தேசத்துப் பழைய பொதுச் சட்டம் ஆகிய எல்லாம் அந்தத் தீர்ப்பில் அடுத்தடுத்து வருகின்றன. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி நம் தேசச் சட்டத்தில் ஒன்று என்று அதில் உறுதி செய்தார்கள். ஒரு நல்ல சுற்றுச்சூழல் பாடப் புத்தகம் எப்படி இருக்க வேண்டுமோ, ஏறக்குறைய அப்படி இருக்கிறது அந்தத் தீர்ப்பு. அதைப் பாலாற்றங்கரைக் கலாசாலைகளில் சட்ட மாணாக்கர் மட்டும் படிக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

தீர்ப்பின்படி ஏற்பட்ட அதிகார சபை 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. பரீட்சை முடிந்து மத்தியானம் வீடு திரும்பிய பெண்ணிடம் இந்த இரண்டு எண்களையும் சொன்னேன். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அவள் மனக்கணக்குப் போட்டாள்.

"தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்ச் சொச்சந்தானே வருகிறது, மாமா? ஒரு கிணற்றின் விலையா அது, அல்லது ஒரு வருஷ மகசூலின் விலையா? இனிமேல் என்றைக்கும் விளையாத நிலத்துக்கு எப்படி மதிப்புப் போட்டார்கள்?"

அன்று காலை அவள் நெட்டுருப் போட்ட புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி இல்லை. இதைக் கேட்டது சுற்றுச்சூழல் மாணவியும் அல்ல; பி.காம். மாணவி. ரஸாயனம் படிக்கும் பெண்ணுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. இவளுக்கு அந்தக் கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. இருவரும் ஒரே கலாசாலையில் ஒரே கட்டடத்தில் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் படிக்கிறார்கள்.

என் சிநேகிதர் அவ்வளவு நேரமும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு தோல் கம்பெனியில் கணக்கர். இந்தப் பெண்ணின் கலாசாலைச் சம்பளம், அவள் அண்ணனின் படிப்பு, அவர்கள் வாங்குகிற கேன் தண்ணீர் எல்லாம் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. கடைசியாக அவர் சொன்னார்: "கம்பெனியை மூடு என்று சொல்வது சுலபம், ஐயா. ஷிப்டு முடிந்து பெண்கள் வரிசையாக வெளியே வருகிறார்களே, அவர்களில் எத்தனை வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான் சம்பளம் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? அதையும் உங்கள் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

அவர் சொன்னது நியாயம். 2015-ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்தில் தூங்கிய தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய சுவர் அது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள். வங்காளத்து ஏழை பாலாற்றங்கரைக்கு ஏன் வந்தான் என்று கேட்கிற சாஸ்திரமும் இதில் சேர்ந்ததுதான் அல்லவா?

*

பல துறைகளும் ஓரிடத்தில் கூடிப் படிப்பது புதுமையான மேல்நாட்டு யோசனை என்று சிலர் நினைக்கிறார்கள். 1977-இல் சோவியத் நாட்டின் டிபிலிஸி நகரில் கூடிய உலக மகாநாடு, சுற்றுச்சூழல் கல்வி துறைகளின் வேலிகளைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது உண்மைதான். ஆனால் அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்பே சென்னை ராஜதானியில் அந்தக் காரியம் தொடங்கியிருந்தது.

பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தாவர சாஸ்திரம் படித்தவர். நகரமும் ஒரு செடியைப் போல் வேரும் மண்ணும் நீரும் உடையதுதான் என்ற எண்ணத்தோடு நகர நிர்மாணத்துக்கு வந்தார். ஒரு நதியின் பள்ளத்தாக்கை மலை முதல் கடல் வரை ஒரே படமாக வரைந்து, எந்த உயரத்தில் எந்த மண், எந்த மரம், எந்தத் தொழில், எந்தவித ஊர் என்று காட்டுவது அவருடைய முறை. 1914-இல் அவரைச் சென்னைக்கு வரவழைத்தார்கள். படங்களையும் மாதிரிகளையும் மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமோ? நம் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அதே எம்டன்! பல வருஷ உழைப்பு கடலில் போயிற்று. மனிதர் சளைக்கவில்லை. சிநேகிதர்கள் திரட்டி அனுப்பிய புதுப் படங்களைக் கொண்டு அடுத்த வருஷமே சென்னையில் காட்சி நடத்திவிட்டு, நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்கச் சொன்ன சுகாதார உத்தியோகஸ்தர்களோடு அவர் மல்லுக்கு நின்றார். பிறகு 1919 முதல் சில வருஷம் பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியராக இருந்தார்.

அதே காலத்தில் சென்னை சர்வகலாசாலைக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். தாம் படித்த ஆங்கில தேசத்துப் பொருளாதாரம் இங்கே அப்படியே செல்லாது என்பதை அவர் சீக்கிரத்தில் கண்டுகொண்டார். அதற்கு அவர் செய்த உபாயம் எளிமையானது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணாக்கர் கையில் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்தனுப்பினார். உன் ஊரில் ஏரி உண்டா, கிணறு எத்தனை, நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வா என்றார். 1918-இல் வெளியான "சில தென்னிந்திய கிராமங்கள்" என்ற புத்தகம் அப்படி உண்டானது. அதில் வரும் ஊர்களில் ஒன்று தூசி. காஞ்சீபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டினால் அந்த ஊர் வரும். பாலாற்று நீர் பாயும் பழைய ஏரியை நம்பி வாழ்ந்த ஊர். சுமார் இருபது வருஷம் கழித்துப் பேராசிரியர்கள் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடியும் ஆராயச் செய்து 1940-இல் வெளியிட்டார்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போன கலாசாலைப் பையன்கள் எழுதிய குறிப்புகளை இன்றைக்கும் உலகமெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். மூத்த மாணாக்கரின் நோட்டைப் பார்த்து எழுதியிருந்தால் படிப்பார்களா?

தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவையும் இந்த வரிசையில் சொல்லத்தான் வேண்டும். லண்டனில் தேறிய கணக்குப் பரிசோதகர். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். காந்தியடிகளோடு சேர்ந்த பிறகு கிராமக் கைத்தொழில்களை எடுத்துக்கொண்டார். தோல் பதனிடுவதும் அவற்றில் ஒன்று. வெட்டியெடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் செல்வம் ஒன்று, எடுத்த அளவு மறுபடி ஊறும் செல்வம் ஒன்று என்று பிரித்து, இரண்டாவதை நம்பியே ஒரு தேசம் நிலைக்க முடியும் என்று ஜபல்பூர்ச் சிறையில் இருந்துகொண்டு ஒரு புத்தகம் எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது. இன்று எல்லாப் பாடப் புத்தகங்களிலும் அடிபடுகிற "நிலைத்த வளர்ச்சி" என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அதன் கணக்கை ஒரு கணக்கர் போட்டு வைத்தார். பி.காம். வகுப்புகளில் அவர் பெயரைச் சொல்லக் காணோம்.

*

கலாசாலை ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் சரித்திர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர். அவருக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் குறைகிறது என்று இந்தப் பாடத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வகுப்பில் எழுபது மாணாக்கர். வெளியே அழைத்துப் போகப் பஸ்ஸுக்குப் பணம் கிடையாது. ஒரு பையன் ஆற்றில் வழுக்கி விழுந்தால் யார் ஜவாப் சொல்வது என்ற கவலை வேறு. "ஓஸோன் படலத்தைப் பற்றி நான் என்ன கண்டேன், ஸார்? புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறேன்" என்றார். அவரிடம், "உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த விவரம் இருக்கிறதே, அதைச் சொல்லுங்களேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசினார். ஏரியைப் பராமரிக்க ஊரார் வருஷந்தோறும் குடவோலையில் ஆளெடுத்ததையும், கணக்குக் காட்டாதவனைத் தள்ளி வைத்ததையும் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது, இதுவே அவர் எடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் பாடம் என்று தோன்றிற்று. உத்தரமேரூரும் பாலாற்றுச் சீமையைச் சேர்ந்ததுதான்.

எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பதாக இப்போது இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து ஒரே கிணற்றைச் சுற்றி உட்காரலாம் என்பதுதான் என் கட்சி. ஐந்து மணி நேரத்தை நாற்பத்தைந்தாக்கி, நாற்பத்தைந்தை ஐந்தாக்கிப் பார்க்கட்டும். பரீட்சைக்கு என்ன கேள்வி கேட்பது என்று கேட்பார்கள். சர்வகலாசாலையார் அதற்கும் ஒரு கமிட்டி வைக்கலாம், கமிட்டிக்குப் பஞ்சமில்லை.

அவசரம் இல்லாத விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பாலாற்றைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈட்டுத் தொகையைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஆற்றின் நிலையை நிபுணர் கமிட்டி தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது உத்தரவு. மனுப் போட்ட 1991-இல் பிறந்த குழந்தைக்கு இப்போது கலாசாலையில் ஆசிரியராகும் வயது.

*

மாலையில் அந்தப் பெண், "கிணற்றைப் பற்றி நான் என்ன எழுத முடியும், மாமா? எனக்கு ரஸாயனம் தெரியாதே!" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரிந்தது என்ன?"

"கணக்கு."

"அப்படியானால் கணக்கையே பார்."

அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். அந்த வீட்டில் பாட்டி காலத்திலிருந்து தினசரி வரவு செலவு எழுதுகிற வழக்கம் உண்டு. பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, நூல் கட்டிய நோட்டுக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கூடத்தில் பரப்பினாள். பாட்டி ஊஞ்சலில் உட்கார்ந்து, "எதைத் தேடுகிறாய்? கலைத்துப் போடாதேயடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரமாயிற்று. நான் ரயிலுக்குப் புறப்பட எழுந்தபோது, "மாமா, இதோ!" என்று ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

பழுப்பேறிய பக்கம். பாட்டியின் குண்டு குண்டான எழுத்து. துவரம்பருப்பு, புளி, மிளகாய், வண்ணான் கூலி, அதற்குக் கீழே அந்த வீட்டுக் கணக்கில் முதன் முறையாகத் "தண்ணீர், இரண்டு குடம்" என்று ஒரு வரி. எதிரே தொகையும் போட்டிருந்தது. பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார்.